அய்யலூர்ச் சந்தையில் கழற்றிய சக்கரம்

மாப்ள,

இன்று காலை ஒரு காய்கறி வேனின் முன்சக்கர ஹப்பை, சக்கரம் மாட்டும் அந்த நடுக்குடத்தை, கழற்றினேன். கருகிய கிரீஸ் வாடை பட்டறை முழுக்க ஏறியது. பேரிங் உட்காரும் இரும்பு வளையத்தை, நாம் கப் என்போமே, அதை விரலால் தள்ளினேன். ஹப்புக்குள் அசையாமல் இறுகி நிற்க வேண்டியது, கை வளையல் மாதிரிச் சுற்றியது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

லாரி செட் வேலையை விட்டு உன் பட்டறையில் நான் கூட்டுச் சேர்ந்த புதிது. நீ சாமான் வாங்க மதுரை போயிருந்தாய். ஆட்டு வியாபாரி அண்ணன் தன் வண்டியில் இதே கோளாறோடு வந்து நின்றார். "அய்யலூர் சந்தைக்குப் போகணும் அப்பு, செத்த நேரத்துல முடிச்சு விடு" என்றார். ஹப்பையே மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நம் தொழிலில் ஊரறிந்த குறுக்கு வழி ஒன்று உண்டே. ஹப்பின் உள்சுவரில் பஞ்ச் உளியை வைத்து, சுத்தியலால் சுற்றிலும் புள்ளி தட்டினேன். புள்ளியோரம் மேடு கட்டியதும் கப் இறுகிக்கொண்டது. வண்டியை அனுப்பிவிட்டேன்.

நீ வந்ததும் பெருமையாகச் சொன்னேன். நீ திட்டவில்லை. "வண்டில எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டாய். "ஆடுக போக நாலு பேரு" என்றேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாய். போன் அடித்தோம், அவர் எடுக்கவில்லை. புது ஹப்பையும் ஜாக்கியையும் என் மடியில் ஏற்றி பைக்கைக் கிளப்பினாய். வடமதுரை தாண்டித்தான் வாயைத் திறந்தாய்: "கோலம் போட வேற எடம் கெடைக்கலயா ஒனக்கு?"

வண்டி சந்தை வாசலில் நின்றது. ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. கழற்றிப் பார்த்தால் என் புள்ளிகளெல்லாம் மழுங்கி, கப் தன் போக்கில் சுற்றியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும். அந்த நாலு பேரும் பக்கத்திலேயே வடை தின்றுகொண்டு நின்றார்கள்.

"என்னய்யா வேல பாத்திருக்க?" என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார். புது ஹப்பை மாட்ட ஆட்டுப் புழுக்கையில் மண்டிபோட்டிருந்த நீ தலை நிமிர்ந்தாய். "அவன் போன்ல கேட்டாண்ணே. புள்ளி தட்டி அனுப்புன்னு சொன்னது நாந்தேன்."

திரும்பும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஏம்பேரு ஒரு அடி தாங்கும். ஒம்பேரு இப்பத்தான் மொளைக்குது" என்றாய். அந்த மனசு எனக்கு வராது, மாப்ள. நம் ஊரில் எத்தனை பேருக்கு வரும் என்றும் தெரியவில்லை.

ஹப் மாற்றாமல் வண்டி வெளியே போகாது என்று இன்றைய வேன்காரரிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உட்காரட்டும்.

உன் கருமாதிக்கு அந்த அண்ணன் வந்திருந்தார். "நல்ல வேலக்காரன். எங்க வண்டில ஒரே ஒரு தடவதேன் அவன் புத்தி தப்பிப்போச்சு" என்றார். என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அவன் சொல்லலண்ணே. நான் போனே போடல. நானாத்தேன் தட்டுனேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப அவன் ஒரு தடவகூடத் தப்பலயா?"

"இல்லண்ணே" என்றேன்.

அதைச் சொல்ல நீ போக வேண்டியிருந்தது, மாப்ள.