தங்கதுரை அண்ணன் எடுத்துவிட்ட காவல்

ஓசூர், 12.8.2007

அன்புள்ள அப்பாவுக்கு முத்துமணி எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? நான் நன்றாக இருக்கிறேன். வேலைதான் நிரந்தரமாகவில்லை, இன்னும் ஆறு மாதம் டிரெயினி. பயப்படாதீர்கள், சம்பளம் வரும்.

கம்பெனி கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் பார்க்கும் ஃபயர்பாக்ஸோடு ஒரு சின்ன புரோகிராம் சேர்த்திருந்தேன். கண்ட வெப் பக்கமும் வைரஸை இறக்காமல் அது தடுக்கும். எங்கேயோ இருக்கிற சிலர் தங்கள் வேலை முடிந்து வந்து, காசு வாங்காமல் எழுதுவது. எங்கள் ஸ்டோர் கணக்கு பார்க்கிற வெப் பக்கம் அதில் திறக்கவில்லை என்று அவர்களுக்கு எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் மறுநாளே சரிசெய்து அனுப்பினார்.

தங்கதுரை அண்ணன் கிரிக்கெட் ஸ்கோர் தெரியவில்லை என்று அதை எடுத்துவிட்டார். வைரஸ் புகுந்து, சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் வேலை நின்றது. மேனேஜர் கேட்டதும், "இவன் போட்ட ஓசி சாமானால வந்தது சார்" என்றார். அதில்தான் என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்து நீங்கள் ஒப்படைத்தீர்களே, அதே ஆள்.

ராத்திரி நாங்கள் சேர்ந்து தங்கியிருக்கும் ரூமில் அவரிடம் கேட்டேன். "உனக்கு வயசிருக்குடா, தாங்குவ. எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

இப்போது எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் அதை நானே எடுக்க வேண்டுமாம். சரிசெய்து கொடுத்தவர் இப்போது ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்னத்தை எழுதுவது?

ராயக்கோட்டை ரோட்டில் வேறு ரூம் பார்த்துவிட்டேன். அண்ணன் ஊருக்கு வந்தால் எதுவும் கேட்காதீர்கள். பருப்புப் பொடியை அவரிடம் கொடுத்துவிட வேண்டாம், பார்சலில் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஆகிற அளவு போதும்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

முத்துமணி