கேத்தில் பார்த்து வாங்கிய வீடு

மச்சாள்,

இன்று காலையில் ஒருத்தி வந்து என் குசினியைச் சோதனை போட்டுவிட்டுப் போனாள். எங்கள் தொடர்மாடியில் கீழ்வீடு ஒன்று கைமாறப் போகிறது. அதைப் பார்க்க வந்த புங்குடுதீவுப் பெண். "அக்கா, கொஞ்சம் தண்ணி தாறியளே?" என்று படியேறி வந்தவள், செம்பை வாங்கிக் குடித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். நான் திரும்பிய நேரம் பார்த்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற என் கேத்திலின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் கண்டதும் வெட்கப்பட்டு மூடியைக் கைவிட்டாள்.

"பாரும் பிள்ளை, வடிவாப் பாரும். அதுக்குத்தானே வந்தனீர்" என்றேன். இருவருமே சிரித்துவிட்டோம். அவள் போன பிறகும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது அழுகையாக மாறியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பாலுக்காகத்தான் முதலில் ஏசியிருப்பீர்கள்.

தீவுகளில் பிறந்தவர்களுக்கு வீடு பார்ப்பது என்றால் முதலில் தண்ணீர் பார்ப்பதுதான். ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றலாம். உவர்க் கிணற்றை என்ன செய்ய முடியும்? குடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. மாரி முடிந்த கையோடு போய்க் குடித்தால் எந்தக் கிணறும் இனிக்கும். அதே தண்ணீரை ஆவணியில் வாயில் வைக்க முடியாது. ஆனபடியால் நம் பெண்கள் கிணற்றடிக்குப் போகாமல் அயல்வீட்டுக் குசினிக்குப் போவார்கள். வருடம் முழுவதும் கொதித்த உப்பெல்லாம் கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும். கலியாணம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கேத்திலைப் பார்த்துவிட்டு வந்த தாய்மார் எங்கள் ஊர் சரவணையில் இருந்தார்கள். தண்ணீர் சுமக்கப் போவது மகள் அல்லவா?

நீங்கள் ஊர்காவற்றுறையில் வாழ்க்கைப்பட்டவர். கடற்கரை ஓரமாகக் கல்வீடு, முன்னால் உங்கள் கணவரின் கடை. அவர் போனார். சண்டையில் வீடும் போனது. தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்தபோது உங்கள் வீடு முகாமின் முட்கம்பிக்கு உள்ளே நின்றது. எட்ட நின்று பார்த்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு சரவணைக்கு, உங்கள் தம்பியான என் கணவரின் வீட்டுக்கு வந்தீர்கள். அந்தத் தம்பியும் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே வளவில் நீங்கள், நான், என் இரண்டு பெண்பிள்ளைகள். ஊரார் நாத்தனார் சண்டையை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களை நாம் ஏமாற்றவில்லை. கறிக்குப் புளி விடுவதில் தொடங்கி வேலி அடைப்பது வரைக்கும் சண்டைதான். ஆனால் ஒருநாளும் தனித்தனியாக உலை வைத்ததில்லை.

சமாதான காலம் வந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் ஊர்காவற்றுறைக் கிளையில் எழுதுவினைஞராக இருந்த என்னை யாழ்ப்பாணத் தலைமைக் காரியாலயத்துக்கு மாற்றினார்கள். பெரியவளுக்கும் பட்டணத்தில் பள்ளிக்கூடம் கிடைத்தது. விடிய முன்னம் பஸ், வழியில் சோதனை, இறங்கி நடந்து திரும்ப ஏறுவது என்று பிள்ளைகள் வாடிப்போனார்கள். அப்போதுதான் எங்கள் ஊழியர்களின் வீடமைப்புச் சங்கம் பட்டணத்துக்குப் புறத்தே இரண்டு இடங்களில் தொடர்மாடி கட்டியது. காணியும் படிக்கட்டும் தண்ணீர்த் தாங்கியும் எல்லோருக்கும் பொது, வீடு மட்டும் அவரவருக்கு. சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட்டால் சொந்த வீடு என்று ஒன்று இந்தப் பிறவியில் இல்லை.

ஒரு தைமாதச் சனிக்கிழமை வீடு காட்டினார்கள். உங்களையும் இழுத்துக்கொண்டு போனேன். குடையும் பையுமாக, கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் புறப்பட்டீர்கள்.

முதலில் பண்ணைக் கடலோரத்தில் இருந்த கட்டடம். கீழ்வீடு. யன்னலைத் திறந்தால் கடல், கடலுக்கு அங்கால் எங்கள் தீவு. நான் அந்த இடத்திலேயே உருகிவிட்டேன். தீவுப் பக்கத்து ஊழியர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். விலையும் அதுதான் குறைவு.

"மச்சாள், சரவணையிலை பஸ் ஏறினால் இறங்கிற இடத்திலை வீடு. உங்கடை முழங்காலுக்குப் படியும் இல்லை" என்றேன்.

நீங்கள் கடலை அதிகம் பார்க்கவில்லை. "தண்ணி விடாய்க்குது" என்று அயலில் ஒரு மீனவர் வீட்டுக்குப் போனீர்கள். நானும் பின்னால் வந்தேன். அந்த வீட்டுப் பெண் தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் உங்கள் கை கேத்தில் மூடியில் இருந்தது. உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"பங்குனி வரைக்கும் நல்ல தண்ணி அக்கா. பேந்து தண்ணிப் பவுசர் வாற வழியைப் பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான்" என்றாள்.

பிறகு கோண்டாவில் பக்கத்துக் கட்டடம். மேல்மாடி, சின்னக் கூடம், யன்னலுக்கு வெளியே பலா மரமும் வாழைத் தோட்டமும். சுவரில் கை ஊன்றி, படிக்கு ஒருதரம் மூச்சு வாங்கி ஏறினீர்கள். இறங்கி வந்து மறுபடியும் உங்களுக்கு விடாய்த்தது. இந்த முறை சங்கத்துச் செயலாளரோடு நான் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அயலில் இருந்த ஓய்வு பெற்ற தபாலதிபர் வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் மலர்ந்து வந்தீர்கள்.

"கேத்தில் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இதை எடும்."

பஸ்ஸில் வரும்போது தொடங்கிய சண்டை சரவணை வரைக்கும் ஓயவில்லை.

"மேல்மாடியை எடுத்தால் நீங்கள் எப்பிடி வந்து போறது?" என்று கேட்டேன்.

"நான் ஏன் வரவேணும்? எனக்கு இஞ்சை வளவு இருக்கு. வீடு உமக்கும் பிள்ளையளுக்கும்."

"கடற்கரையிலை நல்ல காத்து."

"காத்திலை தேத்தண்ணி ஊத்திக் குடுப்பீரோ?"

அடுத்த இருக்கையில் இருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. உங்களை விட்டுவிட்டுப் போகிறேனே என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. கடற்கரை வீடு என்றால் அரைவாசி போன மாதிரி, கோண்டாவில் என்றால் முழுவதும் போன மாதிரி. நீங்களோ போ போ என்று தள்ளுகிறீர்கள். ஆனாலும் தண்ணீர் விஷயத்தில் உங்களோடு யார் வாதாடுவது? கோண்டாவிலுக்கே பெயர் கொடுத்தேன்.

காரியாலயத்தில் கதை பரவிவிட்டது. என்னோடு ஒரே மேசையில் வேலை செய்த வேலணைக்காரி கடற்கரைக் கட்டடத்தில் வீடு எடுத்தவள். "சனம் சுவரைத் தட்டிப்பாத்து வீடு வாங்கும், உவ கேத்திலைத் தட்டிப்பாத்து வாங்கினவ" என்று போகிற வருகிறவருக்கெல்லாம் சொன்னாள். எனக்குக் கேத்தில் அக்கா என்றே பெயர் வந்தது.

குடிபோய்ச் சில மாதங்களில் என் கேத்தில் வெளுக்கத் தொடங்கியது. கடலோரத்து உவர் இல்லை, கல்லுத் தரையின் சுண்ணாம்பு. தண்ணீர் வாய்க்கு நல்லதுதான். பருப்பு மட்டும் அவிவேனா என்று அடம்பிடித்தது. சந்தேகப்பட்டுத் தபாலதிபர் வீட்டு அம்மாவைக் கேட்டேன்.

"அண்டைக்கு உங்கடை மச்சாள் பாத்தது புதுக் கேத்தில். பழசு ஓட்டையாப் போச்செண்டு அந்தக் கிழமைதான் வாங்கினனாங்கள். அவவிட்டையும் சொன்னனானே" என்றார் அந்த அம்மா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிச் சரவணைக்கு வந்தேன். முற்றத்தில் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தீர்கள்.

"புதுக் கேத்தில் எண்டு தெரிஞ்சுகொண்டே சொன்னனீங்களோ?" என்று வெடித்தேன்.

"ஓம்" என்றீர்கள், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "பருப்பை முதல்நாளே ஊறப்போடும். அவியும்."

அவ்வளவுதான். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. தம்பியின் பெண்சாதியைக் கடலுக்கு அங்காலே துரத்திவிட்டு வளவைத் தனியாக ஆளப் பார்க்கிறார் என்று அயலில் ஒருத்தி சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் பிள்ளைகளுக்கென்று கிழங்கும் ஒடியல் மாவும் கட்டித் தந்து பஸ் ஏற்றிவிட்டீர்கள்.

பிறகு நாட்டில் சண்டை திரும்ப வந்தது. ஒரு பின்னேரம் எல்லோரும் கடைத்தெருவில் நின்றார்கள், இருட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. கடலுக்கு அங்கால் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கமெல்லாம் அதிர்ந்தது. பண்ணைக் கரையோரம் சனம் இருக்க முடியாத இடமாகிவிட்டது. எங்கள் சங்கத்தின் கடற்கரைக் கட்டடத்தில் யன்னல் ஒன்றும் மிஞ்சவில்லை. வேலணைக்காரி உடுத்த துணியோடு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு என் படியேறி வந்தாள். அந்தச் சின்னக் கூடத்தில் அவர்களோடு சேர்த்து எத்தனை குடும்பம் படுத்தெழும்பியது என்று எனக்கு நினைவில்லை. என் பிள்ளைகள் மூலையில் பாயில் உறங்கினார்கள். எங்கள் யன்னல்கள் முழுதாக இருந்தன. அந்த யன்னல்களைப் பார்த்தபடி நான் உங்களைத்தான் நினைத்தேன். தீவுக்குப் போகிற பாதை மூடிக் கிடந்தது. நீங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கிறீர்களா இல்லையா என்றே தெரியாது.

பாதை திறந்ததும் வந்தீர்கள். கீழே வாசலில் அதே தகரப் பெட்டி. பெரியவள் பெட்டியைத் தூக்க, சின்னவள் உங்களைத் தாங்க, படிக்குப் படி இருந்து இருந்து ஏறி வந்தீர்கள். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் நான் கேட்கவில்லை, நீங்களாகவே சொன்னீர்கள்.

"என்ரை வீடும் கடற்கரை வீடுதானே. சண்டை எண்டால் முதல் போறது அந்த வரிசைதான். ஆனால் அப்ப சமாதானம். சனமெல்லாம் சிரிச்சுக்கொண்டு திரிஞ்ச நேரம். சண்டை திரும்ப வரும், கரை வேண்டாம் எண்டு சொன்னால் என்னை விசரி எண்டிருப்பீர். இல்லாட்டில் பயந்திருப்பீர். பயந்துகொண்டு ஒரு வீட்டிலை குடியிருக்கேலாது பிள்ளை. அதுதான் தண்ணியிலை பழியைப் போட்டனான்."

கூடத்தில் இருந்த வேலணைக்காரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நீங்கள் அவளைப் பார்த்து, "நீர் ஏன் அழுறீர்? உம்மடை கேத்திலையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். இஞ்சை இவ்வளவு சனத்துக்கு ஒண்டு காணாது" என்றீர்கள். அழுதவளும் சிரித்துவிட்டாள்.

மச்சாள், சண்டை வரும் என்று அப்போது மனதுக்குள் அஞ்சியவர்கள் வேறும் இருந்திருப்பார்கள். அந்தப் பயத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, எனக்கு நிம்மதியாக நித்திரை கொள்ள ஒரு வீட்டைத் தந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் முழங்கால் ஏறமுடியாத வீட்டை எனக்கெனப் பார்த்தெடுத்தீர்கள். இனி அடிக்கடி வரமுடியாது என்று தெரிந்துதான் செய்தீர்கள். பொல்லாப்பும் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். இதற்கு நான் உங்களிடம் ஒழுங்காக ஒரு நன்றி சொன்னேனா? சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் "அடுப்பைப் பாரும்" என்று துரத்திவிட்டீர்கள். இப்போது துரத்த முடியாது. ஆகையால் சொல்கிறேன். என் பிள்ளைகள் உயிரோடும் முழுதாகவும் இருக்கிறார்கள். பெரியவள் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். சின்னவள் உங்களைப் போலவே வாய்க்காரியாக வளர்ந்திருக்கிறாள். எல்லாம் உங்களால் வந்தது.

அதன்பிறகு நீங்கள் சரவணைக்குத் திரும்பிப் போகவில்லை. ஏறியவருக்கு இறங்க முடியவில்லை என்று நீங்களே பகிடி விடுவீர்கள். மாடிவீட்டுச் சனமெல்லாம் மாலையில் உங்களைச் சுற்றித்தான் இருக்கும். தண்ணீர்த் தாங்கி கழுவும் முறை யாருடையது என்ற பிணக்கை நீங்கள்தான் தீர்த்துவைப்பீர்கள். வருத்தம் முற்றிய கடைசி நாட்களில் சரவணையிலிருந்து உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தார். கண் சரியாகத் தெரியாத உங்களிடம் குனிந்து, "இப்ப ஆரின்ரை வீட்டிலை அக்கா இருக்கிறியள்?" என்று கேட்டார். ஊர்காவற்றுறை வீடு போன நாளிலிருந்து நீங்கள் இருந்த இடங்களை நான் அறிவேன். தம்பி வீடு, மச்சாள் வீடு, பிள்ளைகளின் வீடு. வேறு விதமாக நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு மெல்லக் கையைத் தூக்கி, கோண்டாவில் அந்தப் பக்கம்தான் என்று நினைத்து, சுவரைக் காட்டினீர்கள்.

"என்ரை வீட்டிலை" என்றீர்கள்.

சங்கத்துப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது, மச்சாள். கடைசித் தவணையும் கட்டி முடித்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் யாராவது பழைய ஊர்ச்சனம் கண்டு, எங்கே இருக்கிறீர் என்று விசாரித்தால், நான் வேறு விதமாகச் சொல்வதில்லை. மச்சாளின்ரை வீட்டிலை இருக்கிறன் என்கிறேன்.