கழிவுக்கு வந்த ரசீது

என்னங்க,

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் தபாலில் அனுப்பிய உறையை, நமக்கு வருமான வரிக் கணக்கு எழுதுபவரிடம் கொடுத்தேன். வழக்கம்போல ஒரு ரசீதையும் விடாமல் போட்டிருந்தீர்கள். "பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸ் கழியும், டியூஷன் கழியாது. மிக்ஸி ரிப்பேருக்கெல்லாம் எந்த கவர்மென்ட்டும் கழிவு தராதுன்னு சார்கிட்ட சொல்லுங்கக்கா" என்று சிரித்தார். அடுத்த தாளை எடுத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது கழியும்க்கா. பெரிய வியாதிக்குத் தனிப் பிரிவே இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் மட்டும் வேணும்."

நோயாளி என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. மருத்துவமனையின் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. லீவு இல்லை என்று நீங்கள் வீட்டுக்கு வராத ஐந்து சனிக்கிழமைகளும், ஊசி போட்ட தேதிகளாக அதில் வரிசையாக இருந்தன. ஐந்து மாதம் என்னிடம் மறைத்த உங்களுக்கு, ஒரு ரசீதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

"எழுதிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தத் தாளை மட்டும் வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பிள்ளை கேட்டால் பல்வலி என்கிறேன்.

அடுத்த ஊசி வரும் சனிக்கிழமை என்று போட்டிருக்கிறது. முதல் பேருந்தில் வருகிறேன். எந்த மாடி என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி