குலுங்கும் வீட்டுக்கு வயரிங்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பல் டாக்டர் வீட்டு வாட்டர் ஹீட்டர். மதியம் ஒரு காலிங் பெல். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு இன்றைக்கு வந்த மரியாதை, ஒரு காலிங் பெல்.

மாலையில் ஒரு ரிட்டயர்டு நர்ஸ் வந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். கணவரும் அவரும் ஆறு மாதம் அதிலேயே சுற்றப் போகிறார்களாம். கூரையில் சோலார் போட்டு, பேட்டரி வைத்து, ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓட வேண்டும். ஒரு மாதமாக ஆள் தேடி அலுத்துப் போயிருந்தார். "சோலார்காரன் இது வண்டிங்கறான், மெக்கானிக் இது வீடுங்கறான். நான் எங்கதான் போறது?"

அப்புறம் கேட்டார். "நீங்க வண்டியில செஞ்சிருக்கீங்களா?"

"நாலஞ்சு செஞ்சிருக்கேன் சிஸ்டர்."

எங்கிருந்து வந்தது அந்த நாலஞ்சு? வீட்டுக் கூரைகளில் பதினொன்று போட்டிருக்கிறேன். வண்டியில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு சொன்னதைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை. வயர் எங்கே போனாலும் வயர்தானே.

மார்ச் 9, திங்கள்

முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, வேலை கண்ணாடி மாதிரி இருக்கிறது. வீட்டுக்குப் போடும் அதே கெட்டியான வயர், ஓரிடத்திலும் தொங்கல் இல்லை. பேட்டரிக்கு வேறு இடம் கிடைக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அதில் கணவர் படுப்பார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர், எழுந்து உட்காரவே இரண்டு நிமிடம் ஆகிறது. "கரண்டு மேல படுத்தா முடி சிலிர்த்துக்கிட்டு நிக்குமா?" என்று கேட்டார். தலையில் ஒரு முடி கிடையாது.

நாளை மறுநாள் கிளம்புகிறார்கள்.

மார்ச் 14, சனி

சிஸ்டரிடமிருந்து செய்தி: ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது, இனி மலைக்குப் போகிறோம், அங்கே சிக்னல் இருக்காது. மனைவியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்

போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பஸ் டிப்போ ஆபீஸில் ஃபேன் மாட்டப் போனேன். அங்கே எலக்ட்ரீஷியன் ஒரு பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து கருகிய வயரை உருவிக் கொண்டிருந்தாள். வீட்டு வயர். யாரோ அவசரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள்.

"இது ஏன் கருகுச்சு?" என்றேன்.

"கெட்டிக் கம்பிண்ணே. வீடு நின்ன இடத்துல நிக்கும், வண்டி குலுங்கும்ல? ஜாயிண்ட்ல ஸ்க்ரூ தளரும், தளர்ந்த இடம் சூடாகும். வண்டிக்கு மெல்லிசு மெல்லிசா இழை வச்ச வயர்தான் போடணும்."

என் நண்பர் ஒருவர் வீட்டு வண்டியில் இப்படிப் போட்டிருக்கிறார் என்று சொன்னேன். அவள் கை நின்றது.

"பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் போட்டிருக்காரா?"

"இல்ல, கதவுகிட்ட போர்டுல." வீட்டில் போர்டில்தானே போடுவோம்!

"அப்ப பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவுல தீப்பிடிச்சா எது நிறுத்தும்? உங்க நண்பர உடனே அவங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கண்ணே."

பண்ணினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

மார்ச் 18, புதன்

முப்பத்தொரு தடவை. எல்லைக்கு வெளியே.

அந்த மனிதர் எழுந்து உட்கார இரண்டு நிமிடம். கண்ணை மூடினால் அந்த இரண்டு நிமிடம்தான் ஓடுகிறது.

மார்ச் 19, வியாழன்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "என்னங்க, பொய் சொல்லியே தீரணும்னா என் சமையல் நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தெரிஞ்ச ஆளா ஒருத்தர இப்பவே பிடிச்சு வைங்க. லைன் கெடச்சதும் ஓட வேணாமா?"

டிப்போவுக்குப் போனேன். "அந்த நண்பர் நான்தான்மா."

"தெரியும்ண்ணே. நண்பருக்காக யாரும் இப்படி வேர்க்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை லீவில் வருகிறேன் என்றாள். எங்கே வருவாள்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாதே.

மார்ச் 20, வெள்ளி

தெருவில் ஃபயர் வண்டி போனது. செருப்பு போடாமல் வாசலுக்கு ஓடினேன். அவர்கள் இருப்பது எந்த மலையிலோ. எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? யாரும் சொல்ல மாட்டார்கள். நான் போன் செய்துகொண்டே இருப்பேன்.

மார்ச் 21, சனி

மணி அடித்தது! ஆறாவது மணியில் எடுத்தார். உயிரோடு இருக்கிறார்கள்.

காரணம் கேட்காதீர்கள், முதலில் அண்ணனைக் கட்டிலிலிருந்து இறக்கி வண்டிக்கு வெளியே கூட்டிப் போங்கள் என்றேன். நர்ஸ் அல்லவா, காரணம் கேட்கவில்லை. போனைக் கீழே வைத்தார். அந்த இரண்டு நிமிடத்தை நான் முழுசாகக் கேட்டேன்: கட்டில் கிரீச்சிட்டது, அவர் முனகினார், கைத்தடி விழுந்தது, திரும்ப எடுத்தார்கள்.

பிறகு கூரையில் சோலார் பலகைகளைப் போர்வையால் மூடச் சொன்னேன். அடுத்து பேட்டரியில் கறுப்பு வயரைக் கழற்ற வேண்டும். மெத்தையைத் தூக்கினார்.

"கட்டில் பலகை பழுப்பா இருக்கு," என்றார். "அயர்ன் பண்ற வாசனை வருதுன்னு நாலு நாளா இவரு சொல்லிட்டே இருக்காரு. நான்தான் பிரமைன்னு சொன்னேன்."

வயரைக் கழற்றிய பிறகு கேட்டார். "உண்மையச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி எத்தன வண்டி செஞ்சீங்க?"

"ஒண்ணுகூட இல்ல சிஸ்டர்."

லைன் கட்டானது. பத்து நிமிடம் கழித்து, எங்கே நிற்கிறார்கள் என்ற விவரம் மட்டும் வந்தது. கூடவே ஒரு சொல் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

விடியற்காலை டிப்போப் பெண்ணும் நானும் கிளம்பி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மெத்தையின் அடிப்பக்கம் கையகலத்துக்குக் கருகியிருந்தது. தளர்ந்த ஜாயிண்ட் அதற்கு நேர் கீழே. அவள் செய்தாள், நான் எடுத்துக் கொடுத்தேன். என் கண்ணாடி வேலையை மொத்தமாக உருவி வெளியே போட்டோம். இழை வயர் போட்டு, பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் வைத்து, எல்லாவற்றையும் குலுங்காதபடி கட்டி முடித்தபோது மணி பன்னிரண்டு. உச்சி வெயில். சோலார் முழு மூச்சாக ஓடும் நேரம்.

சிஸ்டர் காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது ஃபிரிட்ஜ், ஃபேன், கெட்டில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கட்டிலைக் காட்டினார்.

"இவரு படுக்கறதுக்கு முன்னாடி நீங்க படுங்க."

படுத்தேன். வேறென்ன சொல்ல முடியும்? முதுகில் ஊசி குத்துவது போல் இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. மூக்கு வாசனை தேடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, ஐந்து நாள் தூக்கம் அங்கே வந்து அமுக்கிவிட்டது.

விழித்தபோது மணி இரண்டேகால். கதவு அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் கல் வைத்திருந்தது. வாசலை ஒட்டி ஒரு வாளி நிறைய மணல். என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார், கட்டிலுக்கு அடியில் கையை விட்டபடி. மடியில் ஒரு தாள். கால் மணிக்கு ஒரு வரியாக எழுதியிருந்தார்: 12.15, சூடு இல்லை. 12.30, சூடு இல்லை. இப்படி ஒன்பது வரி.

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். அவர் கவனிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, வெளியே மர நிழலில் இருந்த கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வாங்க, படுக்கலாம்."