நாளை அம்மா வெறுங்கையோடு வருவாள்

என் செல்ல அப்பாவுக்கு,

நேற்றிலிருந்து மழை இல்லை. அதுவரை பெய்ததில் உப்பளத்தில் பாத்திகள் எல்லாம் நிரம்பிவிட்டன. எது வரப்பு, எது தண்ணீர் என்று ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. விற்காத உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஆள் இல்லாத குடிசைகள் மாதிரி இருக்கிறது. நீங்கள் மோட்டார் ஓட்டிய பம்பு ஷெட் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் கூரை மேல் இப்போது காக்கைகள்தான் காவல்.

நாளை கல்லறைத் திருநாள். நாளைக்கு அம்மா உங்களிடம் நடந்து வரப்போகிறாள், அப்பா. ஆட்டோவில் இல்லை, நடந்து. அவள் வரும்போது நீங்கள் தப்பாக ஏதும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே இதை எழுதுகிறேன்.

போன வருடம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டோவைக் கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்தோம். அதற்கு மேல் சேறு. அம்மாவால் இறங்க முடியவில்லை. நான் மட்டும் வந்து பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் ஆட்டோவுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, எந்த மெழுகுவத்தி உங்களுடையது என்று தேடிக்கொண்டிருந்தாள். நீங்கள் அதைப் பார்த்தீர்களா?

அவளுடைய வலி தொடங்கியது உங்களுக்குத் தெரியும். காலையில் விரல் மடங்கவில்லை என்பாள். கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாது. உப்புத் தண்ணீரிலேயே நிற்பதால்தான் என்று நீங்கள் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து விட்டீர்கள். நீங்கள் போன பிறகு அது முழங்காலுக்கும் ஏறிவிட்டது. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார்கள். நான் பள்ளிக்கூட லைப்ரரியில் தேடிப் படித்தேன். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோயாம். உப்பு காரணம் இல்லையாம். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஏனென்றால், கல்யாணத்துக்குப் பிறகும் அவளை உப்பளத்துக்கு அனுப்பியது நீங்கள்தான் என்று நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

இது முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஆனால் அம்மா எழுந்திருக்கவில்லை. வலி குறைந்தும் கட்டிலிலேயே இருந்தாள். நடந்தால் திரும்ப வந்துவிடும் என்று பயம். கால் இரண்டும் மெலிந்து, புடவைக்குள் ஆள் சின்னதாகிக்கொண்டே வந்தாள். நான் ஸ்கூலிலிருந்து வரும்போதெல்லாம், காலையில் விட்டுவிட்டுப் போன அதே பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். எனக்கு அந்த நாட்களில் இருந்த பயத்தைப் பற்றி எழுத வேண்டாம். நீங்கள் இல்லாமல் போனதை அப்போதுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து உப்பளத்துல நடக்குறேன் மேடம். நான் நடக்காத நடையா?”

“எதைத் தூக்கிக்கிட்டு நடந்தீங்க?”

“உப்பத்தான்.”

“அதை இறக்கி வெச்சிட்டு நடங்கம்மா.”

மெதுவாக, சமதரையில், பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நடந்தால் போதுமாம். மூட்டு சூடாக வீங்கியிருக்கிற அன்றைக்கு வேண்டாம். களைத்துப் போவதற்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். திரும்பி வருகிற தூரமும் நடைதான் என்பதை மறக்கக் கூடாது. இவ்வளவுதான் டாக்டர் சொன்னது. கேட்க எவ்வளவு சுலபம்!

மறுநாள் சாயங்காலம் நானும் அம்மாவும் கிளம்பினோம். தெருக்குழாய் வரைக்கும்கூடப் போகவில்லை. எதிரில் வந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. “எங்க லூர்து போறே?” சும்மா நடக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நம் தெருவில் யாரும் எங்கேயும் போகாமல் நடப்பதில்லையே, அப்பா. ஈசிஆர் ரோட்டில் ஷூ போட்டுக்கொண்டு நடப்பவர்கள் வேறு. நம் ஆட்கள் நடந்தால் கடைக்கு, உப்பளத்துக்கு, கோயிலுக்கு, பஸ்ஸுக்கு. புருஷன் இல்லாத ஒருத்தி வேலைக்கும் போகாமல், கையில் ஒன்றும் இல்லாமல், சாயங்காலத்தில் தெருவில் போய்வந்தால் என்ன சொல்வார்கள்? அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அடுத்த நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலி பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குடம் வைத்திருக்கிறவள் எங்கே போகிறாள் என்று யார் கேட்பார்கள்? குடத்தோடு போய், குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தோம். வீட்டுக்குள் வந்ததும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். குடம் அலுத்துப் போனதும் ஒயர் கூடைக்கு மாறினாள். அதிலும் ஒன்றும் இருக்காது.

ஆனால் காலிக் கூடையை நம் தெரு எத்தனை நாளைக்குச் சும்மா விடும்?

முதலில் வந்தது பக்கத்து வீட்டு செல்வி அத்தைதான். உப்பளத்தில் அம்மாவுக்கு ஜோடி. அம்மா தலைக்குக் கூடையைத் தூக்கி விடுகிறவர். அந்தப் பக்கம்தானே போறே, இந்தத் தூக்குவாளியை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடு என்றார். அடுத்து ஒருத்தர் ரேஷன் கார்டு. இன்னொருத்தர் கோழித் தீவனம். அம்மா யாருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோ அவளிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள். அவள் முகம் அதில் மலர்ந்ததைப் பார்த்து நானும் தடுக்கவில்லை.

கடைசியில் வந்தது மாவு மில்லுக்குப் போக வேண்டிய அரிசிப் பை. அம்மா அதை இடுப்பில் வைத்துப் பார்த்தாள், விரல் தாங்கவில்லை. துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, பையை அதன் மேல் ஏற்றிக்கொண்டாள். நான் டியூஷனில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் பிடுங்கியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பந்து மாதிரி. மறுபடியும் கட்டில், மறுபடியும் அந்தச் சுவர்ப் பக்கம்.

“பாத்தியா? நடந்ததாலதான் வந்துது,” என்றாள்.

“நடந்ததால இல்லம்மா. தூக்கினதால.”

“ரெண்டும் ஒண்ணுதான்டி எனக்கு.”

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் யோசித்தேன், அப்பா. அவள் பொய் சொல்லவில்லை. வீக்கம் வடிந்து, கெஞ்சிக் கூத்தாடி அவளை மறுபடியும் வாசலுக்குக் கூட்டிவந்தபோது பின்னால் நின்று அவள் நடையைக் கவனித்தேன். கையில் எதுவும் இல்லை. ஆனால் கழுத்து விறைப்பாக நிற்கிறது. கண் நேரே எங்கேயோ தூரத்தில். அடி ஒவ்வொன்றும் குட்டையாக, அவசரமாக. வலது கை பாதி தூக்கினபடி, விழப்போகிற எதையோ பிடிக்கத் தயாராக இருக்கிறது.

“அம்மா, தலையில ஒண்ணும் இல்ல,” என்றேன்.

நின்றாள். கையை மெதுவாக மேலே கொண்டுபோய், தன் தலையைத் தானே தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நீங்கள் போனதற்குப் பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று செல்வி அத்தை வழக்கம்போலத் தூக்குவாளியோடு வாசலுக்கு வந்தார். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பேசினாள்.

“செல்வி, எதுவும் குடுக்காத. நான் நடக்கத்தான் போறேன்.”

“நடக்கப் போறியா? எங்க?”

“எங்கயும் இல்ல. போயிட்டுத் திரும்பி வருவேன். உடம்புக்கு.”

தெருவில் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அத்தை தூக்குவாளியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லா இருக்குதே கதை. கூலி இல்லாத நடை! மகாராணி உலாத்தப் போறாங்க, எல்லாரும் வழி விடுங்க,” என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு உள்ளே போனார். அம்மா கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவாளோ என்று எனக்குப் பதற்றம். அவள் திரும்பவில்லை. மகாராணி மாதிரியே மெதுவாக நடந்தாள்.

சில நாள் கழித்து அத்தையே எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார், தெரியுமா? அவருக்கும் முழங்கால் வலியாம், யாரிடமும் சொன்னதில்லையாம். வெறுங்கையோடு நடக்க அவருக்கும் தெரியவில்லை. கொண்டையை அவிழ்ப்பார், முடிவார், முந்தானையைச் செருகுவார், உருவுவார். “இந்தக் கையை எங்கதான் வெக்கிறது லூர்து?” என்று நிஜமாகவே கேட்டார். அம்மா, “அதும்பாட்டுக்குத் தொங்கட்டும் விடு,” என்றாள். அனுபவசாலி மாதிரி.

எல்லா நாளும் நல்ல நாள் இல்லை, அப்பா. உங்களிடம் மறைக்க மாட்டேன். சில நாள் குழாய் வரைக்கும் போய்த் திரும்புவோம். சில நாள் வாசற்படியில் உட்கார்ந்து கணுக்காலை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அந்த மாதிரி நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்பாள். இப்போது, “இன்னைக்கு லீவு,” என்கிறாள். நோய் போகவில்லை. அது எங்களோடேயே இருக்கிறது. என்றைக்கு அதற்குக் கோபம், என்றைக்கு இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

நல்ல நாட்களில் உப்பள வரப்பு ரோட்டில் மதகு வரைக்கும் போகிறோம். போன வாரம் அங்கே தண்ணீரில் நாரைகள் நின்றன. ஒரு காலை எடுத்து, யோசித்து, வைத்து, அடுத்த காலை எடுக்கும். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதெல்லாம் எப்போலேர்ந்து வருது?”

“எப்பவும் வரும்மா. வருஷா வருஷம்.”

“நான் பாக்கலையே,” என்றாள். பிறகு அவளே, “கூடை இருந்தா பக்கவாட்டுல எங்க பாக்குறது,” என்றாள்.

இத்தனை வருடம் அந்த வரப்பிலேயே நடந்தவள். ஆனால் அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. புதிதாக ஒன்று கிடைத்தவள் மாதிரிதான் சொன்னாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மதகிலிருந்து கல்லறைத் தோட்டம் பக்கம்தான். போன ஞாயிறு அங்கே மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தபோது, கல்லறைத் திருநாளுக்கு நடந்தே போகலாமா என்று அவள்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பட்டியல் போட ஆரம்பித்தாள். செவ்வந்திப் பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி, கல்லறையைக் கழுவ ஒரு குடம் தண்ணீர், உங்களுக்குப் பிடித்த கடலை மிட்டாய். எல்லாவற்றையும் நான் கொண்டுவருகிறேன், நீ ஒன்றும் தூக்கக் கூடாது என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“அவர்கிட்ட வெறுங்கையோட எப்படிடி போறது?”

தெருவுக்குப் பதில் சொல்லிவிட்டாள். உங்களுக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அவளுக்குப் பதிலாக நான் கேட்கிறேன், அப்பா. அவள் வெறுங்கையோடு வந்தால் கோபித்துக்கொள்வீர்களா? பந்தல்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று பாதி வழியில் திரும்பி வந்தவர்தானே நீங்கள்.

காலையில் அவளுக்கு மூட்டு பிடித்துக்கொண்டு இருக்கும். அதனால் சாயங்காலப் பூசைக்கு முன்னால் கிளம்பி, மதகில் உட்கார்ந்து, ஃபாதர் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கிற நேரத்துக்கு வந்துவிடுவோம். பூவும் மெழுகுவத்தியும் என் ஸ்கூல் பையில் இருக்கும். தண்ணீர்க் குடம் செல்வி அத்தையிடம். “மகாராணிக்கு ஒரு தோழி வேணும்ல,” என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வழியில் அம்மா எவ்வளவு கேட்டாலும் ஒரு மெழுகுவத்தியைக்கூட அவள் கையில் கொடுக்க மாட்டேன். மதகிலேயே போதும் என்று அவள் சொன்னால் ஏன் என்று கேட்காமல் அவளோடு திரும்புவேன். அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் வருவேன். அடுத்த வருடம் மறுபடியும் கிளம்புவோம். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஆனால் வந்துவிடுவாள் என்றுதான் தோன்றுகிறது. இப்போதே செருப்பைக் கழுவி வாசலில் காயப்போட்டிருக்கிறாள்.

அம்மாவை முதன்முதலாக உப்பளத்தில் பார்த்தபோது கூடைக்குக் கீழே பாதி முகம்தான் தெரிந்தது, மீதியைக் கல்யாணத்தன்றுதான் பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்வீர்களே. நாளை சாயங்காலம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருங்கள், அப்பா. தலையிலும் ஒன்றும் இருக்காது, இடுப்பிலும் ஒன்றும் இருக்காது. தூரத்திலிருந்தே முழுசாகத் தெரிவாள்.

அம்மாவுக்கு ஓர் அடி பின்னால் வரும்
உங்கள் மகள்,
அமலி