நாச்சியாபுரம் நைட் ஹால்ட்

புரட்டாசி 15, புதன்

விடியலில் நாலு தூறல். மண் நனையும் முன்னே நின்றுவிட்டது. பிறகு வெயில்.

டிப்போவில் ஆயுத பூஜை. வீட்டு ஆட்களும் உள்ளே வரலாம் என்று மகள் தேன்மொழி அழைத்துப் போனாள். இத்தனை வருசம் வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தே பழக்கம். உள்ளே இப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாது. கழுவும் இடம், டயர் ரூம், டீசல் போடும் இடம், வண்டிக்கு அடியில் நின்று பார்க்க ஒரு குழி. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். பஸ்ஸின் அடிவயிறு பூராவும் கிரீஸ். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வயரிங் வேலைக்குப் போனவனுக்கு அதில் பிடிபட்டது ஒரே ஒரு வயர்தான். அதையும் தப்பாகச் சொன்னேன். மெக்கானிக் சிரிக்காமல் தலையாட்டினார். மரியாதைக்காரர்.

டியூட்டிக்குப் போகும் முன், குடிக்கவில்லை என்று டிரைவர்கள் வாயால் ஊதிக் காட்டும் மெஷினை ஒருத்தர் எடுத்துக் காட்டினார். நானும் ஊதுகிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா, நீங்க பேச ஆரம்பிச்சா மெஷினே நிக்காது" என்று தேன்மொழி. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவள் ஓட்டும் வண்டிக்கு ராசாத்தி சந்தனம் குங்குமம் வைத்தாள். பெண்டாட்டி கண் கலங்கி நான் பார்த்தது அபூர்வம். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் அசையவே இல்லை. என் மகள் அதைத் தினமும் திருப்புகிறாள்.

வாசலில் வந்து சொன்னாள்: திங்கள் முதல் நைட் ஹால்ட். நாச்சியாபுரம். கடைசி டிரிப் போய் ஊரிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, தங்கி, காலையில் முதல் பஸ்ஸாக எடுத்து வரவேண்டும். டிரைவர், கண்டக்டர் ரெண்டு பேரும் வண்டியிலேயே படுப்பதுதான் வழக்கம். இவளுக்குக் கொடுத்தால் எங்கே படுப்பாள் என்று சொல்லியே இத்தனை நாள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஹால்ட் பார்க்காத வரைக்கும் ஸ்பேர். பெஞ்சில் உட்கார்ந்திருந்து, யார் லீவோ அவர் வண்டியை எடுக்கவேண்டும். சொந்த ரூட் கிடையாது.

இனிப் பெஞ்சு இல்லை என்கிறாள். முகமெல்லாம் வெளிச்சம். "நல்லது தாயி" என்றேன்.

புரட்டாசி 16, வியாழன்

தூக்கமில்லை. புரண்டேன்.

"அவ பஸ்ஸ ஓட்டப் போறா. நீங்க எதுக்குக் கட்டிலை ஓட்டுறீக?" என்று ராசாத்தி.

"எங்க படுப்பா?"

"கேட்டீகளா அவள்ட்ட?"

கேட்கவில்லை. கேட்டால் பயந்தவன் மாதிரி ஆகிவிடும். பயந்தவன்தான். இருந்தாலும்.

காலையில் அவளோடு ஹால்ட் வரப்போகும் கண்டக்டர் முத்துராமனைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தேன். நல்ல மனுசன். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவர். ஹால்ட்டில் அவர் வண்டிக்குள், இவள் ஊருக்குள் எங்கேயாவது. அந்த எங்கேயாவதுதான் என் கழுத்தைப் பிடிக்கிறது.

மறக்கக்கூடாதது: டிரில்லிங் மெஷின் கார்பன், இன்சுலேசன் டேப், வீட்டுக்கு வெந்தயம்.

புரட்டாசி 17, வெள்ளி

வேலையும் நாச்சியாபுரத்தில்தான். தெய்வம் விட்ட வழி என்று நினைத்தேன். (இப்போது படித்தால் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை அடித்துவிடவும் மனசில்லை.)

அங்கே ஒரு தெருவில் வௌவால் குடியிருந்த பெரிய வீட்டை ஹோட்டலாக்கிவிட்டார்கள். பக்கத்து ரெண்டு வீடும் அடுத்தடுத்து. சுண்ணாம்பு பூசி, ஆத்தங்குடிக் கல்லை மெருகேற்றி, தெரு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. முன்பு ஆடு படுத்திருந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் நின்று ஜன்னலைப் படம் எடுக்கிறார்கள். என் வேலை: புது வயரை மறைத்து, பழைய பீங்கான் சுவிட்சு எல்லாம் அப்படியே தெரியும்படி வைப்பது. "பழசு மாதிரி தெரியணும்ண்ணே, புதுசு மாதிரி எரியணும்." மேனேஜர் நவீன் சொன்னது. சென்னைப் பையன். தங்கமான குணம்.

மாடியில் நின்றால் தெருக்கோடி வேப்ப மரம் தெரிகிறது. பஸ் நிற்கும் இடம் அதுதான். பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் சும்மா இருக்குமா. "திங்கக்கிழமை எம் மக வண்டி அங்கதேன் நிக்கும் தம்பி. டிரைவரு."

நவீனுக்குக் கண் விரிந்தது. "உங்க பொண்ணாண்ணே? பஸ் டிரைவரா? எங்க தங்குவாங்க?"

அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"பின்கட்டுல ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. எப்ப வந்தாலும் தங்கலாம். எங்களுக்குப் பெருமைண்ணே."

அறையைக் காட்டினான். தாழ்ப்பாள் கையளவு கனம். உள்ளேயே குளியலறை. நான் போட்ட லைட். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சமாளித்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. திங்களன்று அவளுக்கே தெரியட்டும்.

புரட்டாசி 19, ஞாயிறு

கறி எடுக்கவில்லை, புரட்டாசி. கத்திரிக்காய்க் கூட்டு.

தேன்மொழி பை கட்டினாள். போர்வை, டார்ச், கொசுவர்த்தி. கொசுவர்த்தி தேவைப்படாது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"அப்பா, அங்க புஷ்பம்னு ஒரு அக்கா இருக்காக. பூ கட்டி முதல் பஸ்ல காரைக்குடிக்குக் கொண்டு வருவாகள்ல, அவுக..."

"எல்லாம் நல்லபடியா நடக்கும் தாயி. நீ ஒண்ணும் ரோசிக்காத."

"இல்லப்பா, நான் சொல்ல வந்தது..."

"அப்பன் இருக்கேன்ல."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையின் வாயைக் கட்டினாள்.

புரட்டாசி 20, திங்கள்

போய்விட்டாள். புழுக்கம். நான் மட்டும் தெம்பாக இருந்தேன். ராசாத்திக்குச் சந்தேகம். "என்ன, பூனை பால் குடிச்ச மாதிரி உக்காந்திருக்கீக?"

நன்றாகத் தூங்கினேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"என்னப்பா செஞ்சு வச்சிருக்கீக?"

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தியதும் நவீன் மாலையோடு நின்றிருக்கிறான். கூடவே ஹோட்டல் ஆட்கள், கேமரா. இறங்கிய சனமெல்லாம் வேடிக்கை. மாலையைப் போட்டு, பஸ் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, "அப்பா சொல்லிட்டாரும்மா, ரூம் ரெடி" என்றிருக்கிறான். இவள் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு புஷ்பம் வீட்டுக்கு நடந்திருக்கிறாள்.

புஷ்பம் வீட்டில் தங்கத்தான் அவள் ஏற்பாடு. ஒரு மாதமாகவே பேசி வைத்தது. முதல் பஸ்ஸில் போகிற பொம்பளைகள் எல்லாருமாக முடிவு செய்தது. அந்தப் பஸ் தவறினால் அவர்கள் பூ வாடும், சந்தைக்குப் போனது வீணாகும். அதனால் டிரைவரைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆண் டிரைவர் என்றால் வண்டிக்குத் தண்ணீரும் காபியும் கொண்டுபோவார்கள். பொம்பளைப் பிள்ளை என்றதும் வீட்டிலேயே பாய் விரித்து வைத்துவிட்டார்கள்.

புஷ்பம் வாசலிலேயே சொன்னாளாம்: "மாலையெல்லாம் போட்டாகளாம்ல. பெரிய வீட்டு மெத்தை இருக்கயில இந்தப் பாய் என்னத்துக்குத்தா?"

அப்பா தனக்குத் தெரியாமல் கேட்டது என்று இவள் சொல்லியும், "அப்பன் கேட்டா என்ன, மக கேட்டா என்ன" என்று உள்ளே போய்விட்டாளாம்.

என் மகள் பஸ்ஸின் பின் சீட்டில் ஜன்னல் கண்ணாடிகளை மூடிவிட்டுப் படுத்திருக்கிறாள். முத்துராமன் வெளியே டீக்கடைப் பெஞ்சில், மழை வந்தபோதும் எழாமல். ரெண்டு பேருக்கும் தூக்கமில்லை. அதோடுதான் காலையில் முதல் டிரிப்.

"எனக்கு வாயில்லையாப்பா? என்ட்ட ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

எனக்குத்தான் வாய் அதிகம்.

புரட்டாசி 22, புதன்

வெயில். எலக்ட்ரிக் கடையில் எல்லாரும் கை கொடுத்தார்கள். "பொண்ணு போட்டோ சூப்பர்ண்ணே!" போனைக் காட்டினார்கள். பஸ் முன்னால் காக்கிச் சட்டையில் மாலையோடு. சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்திருக்கிறாள். அது எனக்கு மட்டும் தெரிகிறது. கீழே ஹோட்டல் பெயர், 'இனி நாச்சியாபுரத்தில் இவர் எங்கள் விருந்தினர்' என்று.

நவீனைக் கூப்பிட்டேன். பதறிப் போய் அந்தப் படத்தை உடனே நீக்கிவிட்டான். "சாரிண்ணே, நல்லதுக்குத்தான்..." அவனைத் திட்டவா முடியும். நானும் அதே பல்லவிதானே. நீக்கி என்ன, அதற்குள் ஊர் பூராவும் போய்விட்டது.

இன்று அவள் ஹால்ட் போகவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. பயம்.

புரட்டாசி 23, வியாழன்

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முத்துராமனைப் பிடித்தேன்.

"அண்ணே, டிப்போவுல விளக்கம் கேட்டுருக்காக. சீருடையில, பஸ்ஸையும் வச்சு, ஹோட்டல் விளம்பரத்துக்கு நின்னது எப்படின்னு. முடியுற வரைக்கும் ஹால்ட் கிடையாது. ஸ்பேர்."

பெஞ்சு. மறுபடியும் பெஞ்சு.

"நம்ம ஆளுகளும் பேசுறாக. பொம்பளப் பிள்ளைக்கு ஹோட்டல் ரூம், நமக்குக் கொசுக்கடியான்னு. அவ பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கா."

"ஏதும் சொல்லலையா?"

"சொல்லல. அதுதேன் எனக்கு வருத்தமா இருக்கு."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். அவர் கவனித்து, என் கிளாசையும் தானே குடித்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

புஷ்பத்தையும் பார்த்தேன். அதே ஸ்டாண்டு ஓரம்தான், பூக்கூடையோடு. பக்கத்தில் போய் நின்றேன். முழம் எவ்வளவு என்று கேட்டேன், வேறு எப்படி ஆரம்பிப்பது. ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்கதேன் அந்த அப்பாவா?"

"ஆமாத்தா. பிள்ள மேல தப்பில்ல. அவளுக்குத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். மறுநா வண்டி எடுக்கும்போதே அவ மூஞ்சியில தெரிஞ்சுச்சு. எனக்குந்தேன் வாய் நீளம்." பூவைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "எங்க ஊர்ல இத்தன வீடு இருக்கயில, கதவுல பெரிய தாப்பா இருக்குற வீடாப் பாத்து ஒப்படைச்சீகளாக்கும். எங்க மேல நம்பிக்கை இல்ல. அதுதேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். பூ வாங்கவும் மறந்துவிட்டது.

புரட்டாசி 24, வெள்ளி

இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு டிப்போ மேனேஜர் முன்னால். ஆயுத பூஜைத் தோரணம் கேட்டில் இன்னும் காய்ந்து தொங்குகிறது. கழுவும் இடத்தில் வண்டிகள் வரிசை. தேன்மொழி பெஞ்சில். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார், ரூம் கேட்டது நான். எழுதித் தாரேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் பேனாவை மூடினார். கோபக்காரர் இல்லை. அது இன்னும் கஷ்டம்.

"எனக்கும் பொண்ணு இருக்குங்க. நீங்க எழுதிக் குடுத்தா வாங்கிக்கிறேன், ஃபைல்ல வைப்பேன். விசாரணையும் இன்னைக்கே முடியும். ஆனா நாளைக்கு எந்த மேனேஜர் வந்தாலும் அதப் பாப்பாரு. 'அப்பா வந்து பேசுற டிரைவர்.' அதுக்கப்புறம் அவங்களுக்கு யார் ஹால்ட் போடுவா? யார் கேட்டதுன்னு அவங்ககிட்டயே கேட்டேன். தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க பேரு அதுல வரக்கூடாதுன்னு பாத்திருக்காங்க." ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "எழுதுறீங்களா?" என்றார்.

எழுதவில்லை.

"நான் இங்க வரல சார்" என்றேன்.

"நானும் பாக்கல."

வெளியே வரும்போது பெஞ்சைத் தாண்டித்தான் வரவேண்டும். ரெண்டு மூணு டிரைவர்கள். நின்று ஏதாவது சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. தெரியாத ஆள் மாதிரி தாண்டி வந்தேன். பெற்ற பிள்ளையை.

புரட்டாசி 25, சனி

பெருமாளுக்கு விரதம். அரியக்குடிக்கு ராசாத்தி மட்டும் போய் வந்தாள். நான் வரவில்லை என்றேன். சாமியிடம் எதையும் கேட்கிற யோக்கியதை இல்லை.

நவீன் பாக்கி வேலைக்குக் கூப்பிட்டான். வேறு ஆளை அனுப்பினேன்.

தேன்மொழி வீட்டில் பேசுகிறாள். உப்பு கேட்டால் கொடுக்கிறாள். டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைக்கிறாள். அவ்வளவுதான்.

புரட்டாசி 28, செவ்வாய்

மழை. கூரை ஓரம் ஒழுகுகிறது. பார்க்கணும்.

தேன்மொழியை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். முத்துராமன்தான் போனில் சொன்னார். நாச்சியாபுரம் வேறு டிரைவருக்குப் போய்விட்டது, திருப்பித் தரமாட்டார்கள். பெஞ்சிலிருந்து எழுந்து இவளே போய்க் கேட்டாளாம், யாரும் விரும்பாத ஹால்ட் எதுவோ அதைக் கொடுங்கள் என்று. கொடுத்துவிட்டார்கள்.

"எந்த ஊருண்ணே?" என்று கேட்டிருப்பேன். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "சரிண்ணே" என்று போனை வைத்தேன்.

மதியம் பை கட்டினாள். ராசாத்தி சோறு கட்டிக் கொடுத்தாள். ரெண்டு பேரும் அடுப்படியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. ராசாத்திக்கு ஊர் தெரியும். எந்த வீட்டில் தங்குவாள் என்பதும் தெரியும் போல. தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி சொம்பை எடுத்துக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

"போயிட்டு வாரேம்ப்பா."

"சரித்தா."

குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். போய் நின்றால் வண்டியின் போர்டில் ஊர்ப் பெயர் இருக்கும்.

செருப்பை மாட்டினேன். வாசல்படி வரைக்கும் போனேன். திரும்பி வந்து கழற்றி வைத்தேன்.