சுற்றாத டிரையரும் ஒரு தடவை கேட்ட கேள்வியும்

ஃபெர்கஸ் ஃபால்ஸ், மின்னசோட்டா
நவம்பர் மாதம், புதன்கிழமை

அன்பு மகள் ஸோன்யாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலமாக இருக்கிறேன், முழங்கால் வலியும் என்னைப் பிரியாமல் நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை யோஸ்ட்டும் ராட்டர்டாமில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? அந்த ஊர் மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொப்பலாக நனையாதே, நனைந்தால் தலையை நன்றாகத் துவட்டிவிட்டுப் படு. ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என் வாயில் வருவது ஒன்று, மனசில் இருப்பது வேறொன்று. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா அம்மா என்று கேட்டாய். அதெல்லாம் எதற்கு, டிக்கெட் விற்கிற விலையில், இந்தப் பனியில், உனக்கும் வேலை இருக்குமே, வேண்டாம் என்றேன். சரிம்மா என்று சொல்லிவிட்டாய். போனை வைத்த பிறகு சமையலறையில் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் டிரையர் கதையைச் சொன்னால்தான் மற்றது உனக்கு விளங்கும்.

கீழ்த்தளத்தில் இருக்கிற துணி காயவைக்கும் டிரையர் இலையுதிர்காலம் முழுக்க மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கினால் உறுமும், உள்ளே டிரம் சுற்றாது. கதவைத் திறந்து கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அது நிற்பதற்குள் கதவைச் சாத்திப் பட்டனை அமுக்கினால் சுற்றும். அதுவும் டொக் டொக் என்று, யாரோ பூட்ஸ் காலோடு படியேறி வருவதுபோல. இரண்டு துண்டு போட்டால் சுற்றும், கனத்த போர்வை போட்டால் பாதியில் நின்றுவிடும். துணியில் ஒரு பக்கம் வெந்து போயிருக்கும், இன்னொரு பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். வெளியே கொடியில் போட்டால் குளிரில் உறைந்து பேன்ட் எல்லாம் பலகையாக விறைத்துக்கொள்கிறது. அதனால் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் ஸ்வெட்டர், ஒன்றில் சட்டை, ஒன்றில் கவுன் என்று விரித்துப் போட்டேன். அந்த மேஜையில் எல்லா நாற்காலியும் நிறைந்து பார்த்து எத்தனையோ காலமாயிற்று, காபியைக் குடித்துக்கொண்டே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு வெர்ன் உனக்கு நினைவிருக்கும், வெண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு அவரும் என்னைப்போலத் தனிக்கட்டைதான். வேலி ஓரம் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர் நம் கீழ்த்தள ஜன்னல் வழியாக இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். “ஏம்மா மார்லிஸ், கீழ யாரையாவது புடிச்சு அடைச்சு வச்சிருக்கீங்களா, கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்களே” என்றார். டிரையர் என்று சொன்னேன். வந்து பார்க்கட்டுமா என்றார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். சிரமம் என்ன, சும்மாதானே இருக்கிறேன் என்றார். பரவாயில்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது என்றேன். முறைப்படி அடுத்து அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேனே என்று சொல்ல வேண்டும், உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால் வாருங்கள் என்று நான் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்குள் போன் அடித்தது, மனிதர் போய்விட்டார். நம் ஊரில் மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் சரி என்று சொல்வது என்பது நீ வளர்ந்த வழக்கம்தான், இருந்தாலும் அந்த ஊரில் இருந்து இருந்து உனக்கு மறந்திருக்கலாம். நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது யோஸ்ட் பிஸ்கட் டப்பாவை நீட்டினார், ஒன்று எடுத்தேன். இன்னொன்று வேண்டுமா என்றார், வேண்டாம் என்றேன், பட்டென்று மூடியைப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். தங்கமான பிள்ளை, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று பசியோடுதான் படுத்தேன்.

அதற்கப்புறம் வெர்னும் டிரையர் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வேண்டாம் என்றவளிடம் வலியப் போய் நிற்பதாவது என்று அவருக்கு, வேண்டாம் என்றுவிட்டு நானே எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று குளிரைப் பற்றியே பேசினோம். கடைசியில் எனக்கே ரோஷம் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். உதிரி பாகக் கடைப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிடிமானமே இல்லாமல் சுற்றினால் பெல்ட் அறுந்துவிட்டது, முரண்டு பிடித்தால் அடியில் தாங்குகிற உருளைகளில் கோளாறு என்றாள். நம்முடையது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுக்கியது, மற்ற இடத்தில் தொளதொளவென்று இருந்தது. இரண்டு கோளாறும் இருக்கும் என்று பெல்ட், உருளைகள் எல்லாம் சேர்ந்த பெட்டியாக வாங்கி வந்தேன். மேல் தகட்டை நெம்பினேன், முன் தகட்டைக் கழற்றினேன், அதுவரை சூரப்புலிதான். ஆனால் டிரம்மைத் தூக்கிப் பிடித்தால் பெல்ட் மாட்டக் கை இல்லை, பெல்ட்டைப் பிடித்தால் டிரம் சரிந்து முழங்காலில் இடிக்கிறது. அது இரண்டு பேர் செய்கிற வேலை. துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன், ஸோன்யா. டிரையருக்காக யாராவது அழுவார்களா? இந்த வீட்டில் ஒரு பொருளின் அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை, அதற்காக அழுதேன்.

மறுநாள் பூசணிக்காய் கேக் ஒரு தட்டு செய்து வெர்ன் வீட்டுக் கதவைத் தட்டினேன். இதெல்லாம் எதற்கு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். செருப்பைப் பார்த்துக்கொண்டே, “அப்புறம், அந்த டிரையரு? ஒரு எட்டு வந்து பாக்கட்டுமா?” என்றார். உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால் என்றேன். கருவிப் பெட்டி கதவுக்குப் பின்னாலேயே தயாராக இருந்தது, மனிதர் கோட்டைக்கூட மாட்டாமல் முன்னால் நடந்தார்.

பின்பக்கத்து உருளை ஒன்று ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தது, டொக் டொக் அதனால்தான். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சின்னச் சக்கரம் துணிப்பஞ்சு அடைத்து அசையாமல் கிடந்தது, பெல்ட் நைந்து தளர்ந்து வழுக்கியது. பஞ்சை வழித்து எடுத்தால் அதில் நம் டஃபியின் மஞ்சள் முடி. அந்த நாய் செத்து இத்தனை வருஷம் கழித்தும் கை நிறைய வந்தது. வெர்ன் டிரம்மைத் தூக்கிப் பிடித்தார், அவர் கை தடிமன் என்பதால் அடியில் நான்தான் கையை விட்டு பெல்ட்டை மோட்டாரில் மாட்டினேன். போட்டுப் பார்த்தால் உறுமுகிறதே தவிர சுற்றவில்லை. பெல்ட்டில் வரி வரியாக இருக்கும் பக்கத்தை வெளியே வைத்து மாட்டியிருக்கிறேன். “ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டுத்தான் சுத்தும்போல, வீட்டுக்காரம்மா மாதிரியே” என்று சிரித்தார். திருப்பி மாட்டினோம். பட்டனை அமுக்கியதும் பூனை மாதிரி சத்தமில்லாமல் சுற்றியது. சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் அந்தப் பூட்ஸ் சத்தம் நின்றதும் வீடு என்னவோ போல் ஆகிவிட்டது.

காபி குடிக்கும்போது ஸோன்யா கிறிஸ்துமஸுக்கு வருகிறாளா என்று கேட்டார். வரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், சரி என்றுவிட்டாள் என்றேன். எத்தனை தடவை கேட்டாள் என்றார். ஒரு தடவைதான் என்று நான் கொஞ்சம் மனத்தாங்கலாகவே சொன்னேன். வெர்ன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அரிசோனாவுல எனக்கும் ஒரு புள்ள இருக்கான். ஒரு தடவகூட கேட்டதில்ல. உங்க பொண்ணு அவ்வளவு தூரத்துலேருந்து கேட்டிருக்கா, அதத் தட்டி விட்டுட்டு உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?” என்றார். மிச்சக் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அதனால் உன் ஊர் வழக்கப்படியே நேராக எழுதுகிறேன். எனக்கு நீ வர வேண்டும். டிக்கெட் விலையைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை, பனியும் பொய் இல்லை, வேண்டாம் என்றதுதான் பொய். இங்கே சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடுகிறது, இருட்டின பிறகு பேச யாரும் இல்லாமல் என் குரலே எனக்கு மறந்துபோகிறது. யோஸ்ட்டையும் கூட்டி வா, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு தட்டில் மறுபடி வைக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லபடி நடக்கட்டும். உங்கள் வீட்டு டிரையரிலும் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் துடைத்து வை, நீ சோம்பேறி, எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. பண்ணும்போது நான் பழக்கதோஷத்தில் மறுபடி வேண்டாம் என்றுதான் சொல்வேன். உன்னால் வர முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். நான் வேண்டாம் என்றேன் என்பதற்காக மட்டும் வராமல் இருந்துவிடாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா
மார்லிஸ்